கணக்குத் தெரியாதவர் யார்?

நிதிக் கல்வி இன்று ஒரு தேசிய இயக்கம். அது எப்போது, யாருக்கு, ஏன் தேவைப்பட்டது என்ற கதையில் பாதி ஓய்வூதியத்தின் கதை.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அடுத்தடுத்த மேஜைகளில் இரண்டு எழுத்தர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 2003 டிசம்பர் 31-ம் தேதி வேலையில் சேர்ந்தவர். மற்றவர் மறுநாள், 2004 ஜனவரி 1-ம் தேதி சேர்ந்தவர். ஒரே பதவி, ஒரே சம்பள விகிதம், ஒரே கோப்புகள். முதலாமவருக்கு ஓய்வு பெறும்போது கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாகக் கிடைக்கும். அதன் மேல் அகவிலைப்படி. அவர் காலத்துக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம். சென்செக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாமல் அவர் நிம்மதியாகக் காலம் தள்ளிவிடலாம்.

இரண்டாமவருக்கு அந்த வசதி இல்லை. மாதாமாதம் அவர் சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தம். அரசும் தன் பங்குக்கு 10 சதவீதம் போட்டது. 2019 ஏப்ரலில் அது 14 சதவீதமானது. அந்தப் பணம் அரசுக் கடன் பத்திரங்களிலும் நிறுவனக் கடன் பத்திரங்களிலும் கொஞ்சம் பங்குகளிலும் போடப்படுகிறது. 60 வயதில் சேர்ந்திருக்கும் தொகையில் குறைந்தது 40 சதவீதத்தை ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, மாதாந்திர வருமானத்தை அவர் விலைக்கு வாங்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. அந்த வருமானம் எவ்வளவு என்று வேலையில் சேரும் நாளில் யாரும் உறுதி சொல்லவில்லை. ஓய்வு பெறும் வருடத்தில் சந்தை எப்படி இருக்கும், வட்டி விகிதம் எவ்வளவு இருக்கும், தான் எத்தனை வயது வரை உயிரோடு இருப்போம் - மூன்றையும் யோசித்தாக வேண்டியவர் அவர்தான்.

அந்த ஒரே இரவில் இரண்டாமவருக்கு "நிதி எழுத்தறிவு" தேவைப்பட்டுவிட்டது. முதலாமவரைவிட அவர் எந்த விதத்திலும் அறிவில் குறைந்தவர் இல்லை. ஓர் அரசு ஆணை அவரைப் படிக்க வேண்டியவர் ஆக்கியது.

மக்களுக்குப் பணத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உலகம் முழுவதும் குரல் எழுந்த நேரத்தைக் கவனித்தால் இந்தச் சந்தேகம் வலுக்கிறது. அமெரிக்காவில் தனியார் நிறுவன ஊழியர்களின் ஓய்வூதியம் 401(கே) என்ற தனிநபர் கணக்குகளுக்கு மாறத் தொடங்கியது 1978-ல் வந்த வரிச் சட்டத்தால். சிலியில் பினோசே ஆட்சி 1981-ல் ஓய்வூதியத்தைத் தனியார் நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. 1994-ல் உலக வங்கி, முதுமை நெருக்கடியைத் தவிர்ப்பது குறித்த தன் பிரபலமான அறிக்கையில், தனிநபர் சேமிப்புக் கணக்குகளை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. ஓய்வுக் காலத்தின் ஆபத்து முதலாளியின், அரசின் தோளிலிருந்து இறங்கித் தொழிலாளியின் தோளில் ஏறிக்கொண்டது.

பிரிட்டன் இந்தப் பாடத்தைச் செலவு செய்து கற்றது. தாட்சர் அரசு 1988-ல் தொழிலாளர்கள் தங்கள் நிறுவன ஓய்வூதியத்தை விட்டு வெளியேறித் தனிநபர் ஓய்வூதியம் வாங்கலாம் என்று வழி திறந்துவிட்டது. விற்பனையாளர்கள் சுரங்கத் தொழிலாளர்களையும் செவிலியர்களையும் ஆசிரியர்களையும் தேடிப் போனார்கள். உறுதியான ஓய்வூதியத்தைக் கைவிட்டுச் சந்தையை நம்பிய லட்சக்கணக்கானவர்கள் நஷ்டப்பட்டது 1990களில் தெரியவந்தது. நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான கோடி பவுண்டு இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. அதன் பிறகு வந்த 2000-ம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம், மக்களிடம் நிதி விழிப்புணர்வை வளர்ப்பதைக் கட்டுப்பாட்டு அமைப்பின் சட்டபூர்வக் கடமைகளில் ஒன்றாக்கியது. பொய் சொல்லி விற்றவர்கள் விற்பனையாளர்கள். வகுப்புக்கு அனுப்பப்பட்டவர்கள் வாங்கியவர்கள்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. 2002-ல் அமெரிக்க நிதித் துறையில் நிதிக் கல்விக்கென ஓர் அலுவலகம். 2003-ல் அதற்கென்று ஒரு சட்டம், ஓர் ஆணையம். அதே 2003-ல் பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. நிதிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 2005-ல் அது உறுப்பு நாடுகளுக்குக் கொடுத்த பரிந்துரையின் பின்னணியில் ஓய்வூதிய ஏற்பாடுகள் மாறிவருவதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பொறுப்பு கை மாறிவிட்டது. வாங்கிக்கொண்டவருக்குப் பயிற்சி வேண்டும் என்பதே வாதம்.

போருக்கும் திட்டத்துக்கும் சேமிப்பு

பணத்தைப் பற்றி அரசு மக்களுக்குப் பாடம் சொல்வது புதிய பழக்கம் இல்லை. முதல் உலகப் போரின்போது, 1917-ல், பிரிட்டிஷ் இந்திய அரசு அஞ்சலக ரொக்கச் சான்றிதழ்களைக் கொண்டுவந்தது. சிக்கனமும் சேமிப்பும் நல்ல குணங்கள் என்று அன்று பிரசாரம் செய்ததற்குக் காரணம் போர்ச் செலவு. விடுதலைக்குப் பிறகு அதே அஞ்சலகம், அதே பிரசாரம், நோக்கம் மட்டும் ஐந்தாண்டுத் திட்டங்கள். மாவட்ட ஆட்சியர்களுக்குச் சிறுசேமிப்பு இலக்கு வைக்கப்பட்டது. பள்ளிகளில் சஞ்சாயிகா வந்தது. பத்துப் பைசாவும் நாலணாவுமாகக் கொண்டுபோய் வகுப்பாசிரியரிடம் கொடுத்துச் சின்ன அட்டைப் புத்தகத்தில் வரவு வைத்துக்கொண்ட தலைமுறை ஒன்று இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கிறது. வசூலான சிறுசேமிப்பின் பெரும்பகுதியை மாநிலங்கள் கடனாகப் பெற்றன. அதனால்தான் மாநில அரசுகளுக்கு உங்கள் உண்டியலின் மேல் அத்தனை அக்கறை.

அந்தப் பாடத்துக்கு ஒரு சௌகரியம் இருந்தது. சேமித்து அரசிடம் கொடுத்தால் போதும், மேற்கொண்டு எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. 1956-ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது. 1969 ஜூலை 19-ல் 14 பெரிய வங்கிகள் அரசின் கைக்கு வந்தன. அன்று சுமார் 8,300 ஆக இருந்த வங்கிக் கிளைகள் 1991-ல் 60,000-ஐத் தாண்டின. வட்டி விகிதத்தை டில்லி நிர்ணயித்தது. 1988-ல் வந்த கிசான் விகாஸ் பத்திரம் ஐந்தரை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று சொன்னது, இரட்டிப்பானது. பொதுச் சேமநல நிதிக்கு 1986-லிருந்து 12 சதவீத வட்டி. கூட்டு வட்டிச் சூத்திரம் தெரிந்தவருக்கும் கைநாட்டு வைத்தவருக்கும் ஒரே வட்டி.

இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு விலை இருந்தது. விலைவாசி ஏறிய வருடங்களில் சேமித்தவரின் உண்மையான லாபம் கரைந்தது. மலிவாகக் கிடைத்த பணத்தை அரசு எப்படிச் செலவழித்தது என்று கேட்க அவருக்கு வழி இல்லை. ஆனால் ஏமாறும் வாய்ப்பு குறைவு. இன்றைய அளவுகோலில் அன்றைய இந்தியர்கள் நிதிக் கல்வித் தேர்வில் தோற்றிருப்பார்கள். யாரும் அவர்களைத் தேர்வுக்குக் கூப்பிடவில்லை.

2000 ஜனவரியில் சேமநல நிதியின் 12 சதவீதம் 11 ஆனது. அடுத்த வருடம் 9.5, அதற்கடுத்து 9. 2003-ல் 8. சேமிப்பு இரட்டிப்பாக எத்தனை வருடம் ஆகும் என்று கண்டுபிடிக்க 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் போதும். 12 சதவீதத்தில் ஆறு வருடம், 8 சதவீதத்தில் ஒன்பது வருடம். மூன்றே வருடங்களில் ஒரு குடும்பத்தின் கணக்கில் மூன்று வருடம் காணாமல் போனது. மகளின் கல்யாணத்தையோ மகனின் கல்லூரியையோ மனத்தில் வைத்துப் பணம் போட்டவர்கள் வேறு இடம் தேட ஆரம்பித்தது இயற்கை. அதே 2004-ல் வந்த புதிய ஓய்வூதியத் திட்டத்தின் வேர், மத்திய அரசுக்காக எஸ்.ஏ. தவே குழு 2000 ஜனவரியில் கொடுத்த அறிக்கை வரை போகிறது. தவே பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் முதல் தலைவர்; பின்னர் யூனிட் டிரஸ்டின் தலைவர். ஓய்வூதியத்தைப் பற்றி யோசிக்க அரசு தேர்ந்தெடுத்தவர் சந்தையை அறிந்தவர் என்பது தற்செயலாக இருக்க முடியாது.

முதல் வகுப்பு, பம்பாயில்

இந்திய நடுத்தர வர்க்கம் பங்குச் சந்தையில் கால் வைத்த கதையும் அரசியலிலிருந்து தொடங்குகிறது. 1973-ம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம் பல வெளிநாட்டு நிறுவனங்களைத் தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ளச் சொன்னது. பிரபல பன்னாட்டு நிறுவனங்களின் பங்குகள் பொதுமக்களிடம் வந்தன. விலையை நிர்ணயித்தவர் அரசு அதிகாரியான மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர். அவர் வைத்த விலை பெரும்பாலும் சந்தை விலையைவிடக் குறைவு. 1977-ல் ரிலையன்ஸ் பொதுமக்களிடம் பங்கு விற்றபோது ஏழு மடங்கு விண்ணப்பங்கள் வந்தன. விண்ணப்பம் போடு, குலுக்கலில் கிடைத்தால் லாபம் - ஒரு தலைமுறைக்குப் பங்குச் சந்தை இப்படித்தான் அறிமுகமானது. நிறுவனத்தின் வரவு செலவைப் படிக்கும் பழக்கம் வளர அதில் இடமில்லை, தேவையும் இல்லை.

1992 மே மாதம் கட்டுப்பாட்டாளர் பதவி ஒழிக்கப்பட்டது. இனி எந்த நிறுவனமும் தன் பங்குக்குத் தானே விலை வைக்கலாம். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ஹர்ஷத் மேத்தா விவகாரம் வெடித்திருந்தது. 1990 ஜூலையில் 1,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் 1992 ஏப்ரலில் 4,400-ஐத் தாண்டி, பிறகு சரிந்தது. பழைய காவலாளியை அனுப்பியாயிற்று. புதிய காவலாளியான செபிக்கு அந்த வருடம்தான் சட்ட அதிகாரம் கிடைத்தது. பற்கள் முளைக்கப் பல வருடங்கள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் பங்கு விற்றன. அவற்றில் சில, பணம் வசூலித்த பிறகு முகவரியிலேயே இல்லை. அரசே பின்னர் எண்ணிப்பார்த்து "மறைந்துபோன நிறுவனங்கள்" என்று ஒரு பட்டியல் தயாரித்தது. இருநூறுக்கும் மேல்.

அதே காலத்தில் தேக்கு மரம் வளர்த்துத் தருகிறோம் என்று பணம் வாங்கியவர்களும் வந்தார்கள். சென்னையின் அனுபவ் பிளாண்டேஷன்ஸ் 1998-ல் கவிழ்ந்ததை அந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிட்டி முழுக்க நிதி நிறுவனங்கள் கதவை மூடியதால் தமிழக அரசு 1997-ல் முதலீட்டாளர் நலன் காக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. ஏமாந்தவர்களில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகளும் கணக்குத் தணிக்கையாளர்களும் இருந்தார்கள் என்பதை நிதிக் கல்வி பற்றிப் பேசும்போது மறந்துவிடுகிறோம். வட்டிக் கணக்கு அவர்களுக்கு அத்துப்படி. ஏற்கெனவே தெரிந்த வங்கியின் வட்டி குறைவாக இருந்தது. புதிதாக வந்தவருக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்திருப்பதாக நம்பினார்கள்.

ஆனால் பாடங்களிலேயே பெரிய பாடத்தை நடத்தியது அரசின் சொந்த நிறுவனம். யூனிட் டிரஸ்டின் யூ.எஸ்.-64 திட்டம் 1964-ல் தொடங்கியது. 1990களின் முதல் பாதியில் 26 சதவீதம் வரை டிவிடெண்ட் கொடுத்தது. சுமார் இரண்டு கோடிப் பேர் அதில் பணம் போட்டிருந்தார்கள். வங்கி டெபாசிட் மாதிரிதான், பின்னால் அரசு இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. பணமோ பெருமளவு பங்குகளில் இருந்தது. 1998-ல் திட்டத்தின் கையிருப்பு மைனஸுக்குப் போனது தெரிந்து அரசு காப்பாற்றியது. 2001 ஜூலை 2-ம் தேதி, யூனிட்டுகளை விற்பதும் திரும்ப வாங்குவதும் ஆறு மாதத்துக்கு நிறுத்தப்பட்டதாக அறிவிப்பு வந்தது. மருத்துவச் செலவுக்கும் கல்யாணச் செலவுக்கும் எடுக்க நினைத்தவர்கள் திகைத்து நின்றார்கள்.

அவர்களுக்கு விவரம் போதவில்லை என்று அப்போதும் சொன்னார்கள். என்ன விவரம்? ஒரு யூனிட்டின் பின்னால் உண்மையில் எவ்வளவு சொத்து இருக்கிறது என்ற கணக்கை நிறுவனமே வெளியிடாமல்தான் இருந்தது. எவ்வளவு படித்தாலும் அச்சிடாத எண்ணைப் படிக்க முடியாது. அதே சமயம் பெரிய நிறுவனங்கள் ஏப்ரல், மே மாதங்களிலேயே ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் யூனிட்டுகளைப் பழைய விலையில் விற்று வெளியேறியிருந்தன. அவர்கள் எந்த நிதிக் கல்வி முகாமுக்கும் போனதாகத் தெரியவில்லை. கடைசியில் சிறு முதலீட்டாளர்களுக்கு 3,000 யூனிட் வரை 10 ரூபாயில் தொடங்கி மாதம் பத்துப் பைசா ஏறும் விலையில் திரும்ப வாங்க ஏற்பாடு செய்து அரசு சமாளித்தது. பணம் வரிப்பணம்.

கமிஷன் என்ற ஆசிரியர்

இந்தியக் குடும்பங்களுக்கு நிதிக் கல்வி கொடுத்தது யார் என்று கேட்டால் நேர்மையான பதில், முகவர். அஞ்சலகத்துக்கும் எல்.ஐ.சி.க்கும் வீடு வீடாக வந்தவர், தெருவில் தெரிந்தவர், கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர். அவருக்குக் கிடைத்த கமிஷன் எவ்வளவு என்பது நமக்குத் தெரியாது. நாம் கேட்பதும் இல்லை.

2000-க்குப் பிறகு காப்பீட்டுத் துறை தனியாருக்குத் திறந்தது. யூலிப் வந்தது. பாதி காப்பீடு, பாதி பங்குச் சந்தை. முதல் வருடப் பிரீமியத்தில் பெரும்பகுதி கமிஷனாகவும் கட்டணமாகவும் போன பாலிசிகள் உண்டு. மூன்று வருடம் கட்டினால் போதும் என்று சொல்லி விற்றார்கள். நம்பி வாங்கி, பிறகு நிறுத்தியவர்கள் 2004-05 முதல் 2011-12 வரை இழந்த தொகை ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்று 2013-ல் மூன்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இதற்கிடையில் 2009-ல் டி. ஸ்வரூப் தலைமையிலான அரசுக் குழு ஒன்று இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சொன்னது. மக்களுக்கு நிதிக் கல்வி தர ஒரு தேசிய அமைப்பு வேண்டும். விற்பவருக்கு நிறுவனம் கமிஷன் கொடுக்கும் முறையை ஒழிக்க வேண்டும். ஆலோசனைக்கு வாடிக்கையாளரே நேரடியாகக் கட்டணம் கொடுக்கட்டும். மியூச்சுவல் ஃபண்டுகளின் நுழைவுக் கட்டணத்தை செபி 2009 ஆகஸ்டிலேயே ரத்து செய்தது. காப்பீட்டில் லட்சக்கணக்கான முகவர்களின் பிழைப்பு இருந்தது, நிறுவனங்களின் வியாபாரம் இருந்தது, கமிஷன் நிலைத்தது. 2010-ல் யூலிப் யாருடைய எல்லைக்குள் வருகிறது என்று செபியும் காப்பீட்டுக் கட்டுப்பாட்டு ஆணையமும் வெளிப்படையாகச் சண்டை போட்டு, ஓர் அவசரச் சட்டத்தில் முடிந்தது. கட்டணங்களுக்கு உச்சவரம்பு வந்தது என்னவோ நிஜம். ஆனால் ஸ்வரூப் குழு சொன்ன இரண்டில் யாருக்கும் வலிக்காத பாதிதான் முழுசாக நடந்தது. 2013-ல் நான்கு கட்டுப்பாட்டு அமைப்புகளும் சேர்ந்து தேசிய நிதிக் கல்வி மையத்தை உருவாக்கின. தேசிய நிதிக் கல்வி உத்தி ஒன்றும் அதே வருடம் வெளியானது. அதற்கு முந்தைய வருடம்தான் ஜி-20 தலைவர்கள் மெக்ஸிகோவின் லாஸ் காபோஸில் கூடி, எல்லா நாடுகளும் இப்படி ஓர் உத்தி வகுக்கலாம் என்று ஏற்றிருந்தார்கள். 2008-ல் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்து உலகமே ஆட்டம் கண்ட பிறகு கண்டுபிடிக்கப்பட்ட மருந்துகளில் இதுவும் ஒன்று.

கமிஷனைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2011 டிசம்பரில் பெரும்பாலான சிறுசேமிப்புத் திட்டங்களின் முகவர் கமிஷன் குறைக்கப்பட்டது, சிலவற்றில் ரத்தானது. மேற்கு வங்கத்தில் அஞ்சலகச் சேமிப்பு வற்றிய அதே காலத்தில் சாரதா போன்ற நிறுவனங்கள் தாராளக் கமிஷனுடன் கிராமங்களில் இறங்கின. 2013 ஏப்ரலில் சாரதா சரிந்தது. அடுத்த வருடம் பி.ஏ.சி.எல். என்ற நிலம் விற்கும் நிறுவனம் 49,100 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுக்க செபி உத்தரவிட்டபோது, பணம் போட்டவர்களின் எண்ணிக்கை சுமார் 5.85 கோடி என்று தெரிந்தது. ஒரு பெரிய ஐரோப்பிய நாட்டின் மக்கள்தொகை.

மூன்று கேள்விகள்

நிதி எழுத்தறிவை அளக்க உலகெங்கும் பயன்படும் கேள்விகளை அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் அன்னமரியா லுசார்டியும் ஒலிவியா மிட்செலும் 2004-ல் ஐம்பது வயது கடந்தவர்களிடம் முதலில் கேட்டார்கள். 100 டாலர் 2 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் 102-ஐத் தாண்டுமா? வட்டி 1 சதவீதம், விலைவாசி ஏற்றம் 2 சதவீதம் என்றால் பணத்தின் வாங்கும் சக்தி கூடுமா, குறையுமா? ஒரே நிறுவனத்தின் பங்கு பத்திரமானதா, மியூச்சுவல் ஃபண்டா? மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கு. மூன்றாவது கேள்வியை 2001 ஜூலையில் ஒரு யூ.எஸ்.-64 முதலீட்டாளரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கலாம்.

இந்தியாவில் 2019-ல் நடந்த தேசிய ஆய்வு, வயது வந்தவர்களில் 27 சதவீதத்தினரே நிதி எழுத்தறிவு பெற்றவர்கள் என்றது. மேடைகளில் இந்த எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மிச்சம் 73 சதவீதம் பேர் அறியாதவர்கள் என்று அர்த்தமாகிறது. ஏலச்சீட்டில் 20 மாதம் கட்ட வேண்டிய ஒரு லட்ச ரூபாயை நான்காவது மாதமே எவ்வளவு தள்ளி எடுத்தால் கட்டுபடியாகும் என்று, காகிதம் பேனா இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரி யோசிப்பதைப் பார்த்தவர்கள் இந்த முடிவை அவ்வளவு சுலபமாக ஏற்க மாட்டார்கள். தமிழ்நாட்டின் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று பின்னக் கணக்குகளை மனப்பாடமாக ஏற்றினார்கள். பிரம்படியோடு வந்த படிப்பு, எல்லாச் சாதிக்கும் கிடைத்ததும் இல்லை, ஏங்க ஒன்றுமில்லை. ஆனால் பணக்கணக்கை இந்த நாட்டுக்கு யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருந்தது என்பது சரியில்லை. வந்தது புதிய கணக்கு இல்லை, புதிய சரக்கு.

பாடம் பலிக்கிறதா என்பதிலும் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. 2014-ல் மூன்று ஆய்வாளர்கள் 201 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மக்கள் பண விஷயத்தில் நடந்துகொள்ளும் விதத்தில் உள்ள வேறுபாட்டில் நிதிக் கல்வி விளக்குவது 0.1 சதவீதம் மட்டுமே என்றார்கள். 2022-ல் வெளியான இன்னொரு தொகுப்பு, கவனமாக நடத்தப்பட்ட 76 சோதனைகளை எடுத்துக்கொண்டு, பலன் இருக்கிறது என்றது. இரண்டையும் படித்தால் தோன்றுவது: முடிவெடுக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சொல்லிக்கொடுத்தால் கொஞ்சம் உதவுகிறது. எட்டாம் வகுப்பில் படித்த கூட்டு வட்டி, நாற்பது வயதில் வீட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது கைகொடுப்பது அரிது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? பங்குதாரர்கள் ஏழு வருடம் கேட்டு வாங்காமல் விட்ட டிவிடெண்ட் ஒரு நிதியத்துக்குப் போகிறது. முதலீட்டாளர் கல்வி அதன் வேலைகளில் ஒன்று. பத்து வருடம் யாரும் கேட்காத வங்கி டெபாசிட்டுகள் 2014 முதல் ரிசர்வ் வங்கியின் டெபாசிட்தாரர் கல்வி நிதியத்துக்குப் போகின்றன. 2024 மார்ச்சில் அதில் 78,000 கோடி ரூபாய்க்கும் மேல் இருந்தது. மறந்தவர்களின் பணத்தில் மறக்காமல் இருக்கப் பாடம். மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களும் தாங்கள் நிர்வகிக்கும் பணத்தில் சிறு பகுதியை முதலீட்டாளர் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று செபி 2012-ல் விதித்தது. 2017 முதல் தொலைக்காட்சியில் ஓடிய "மியூச்சுவல் ஃபண்ட் சஹி ஹை" பிரசாரம் அந்தப் பணத்தில் நடந்ததுதான். கல்வி எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கஷ்டம்.

ஓய்வூதியத்தில், படிக்கச் சொல்லப்பட்டவர்கள் படிக்க மறுத்து வாக்குச்சாவடிக்குப் போனார்கள். பழைய ஓய்வூதியம் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கை 2022-ல் ராஜஸ்தானிலும் சத்தீஸ்கரிலும் ஏற்கப்பட்டது. அந்த வருடக் கடைசியில் நடந்த ஹிமாசலப் பிரதேசத் தேர்தலில் அதுவே முக்கியப் பிரச்னை. மாநிலங்களின் கஜானா தாங்காது என்று பொருளாதார நிபுணர்கள் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் 2024 ஆகஸ்டில் மத்திய அரசே 25 வருடப் பணிக்குப் பாதிச் சம்பளம் உறுதி என்று ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்து, 2025 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்தது. அரசு ஊழியர்களுக்குச் சங்கம் இருந்தது, கேட்டு வாங்கினார்கள். சங்கம் இல்லாதவர்கள் கைபேசியில் டீமேட் கணக்கு திறந்தார்கள்.

2020 மார்ச்சில் நாலு கோடியைச் சற்றே தாண்டியிருந்த டீமேட் கணக்குகள் 2024 மார்ச்சில் 15 கோடியைத் தாண்டின. யூடியூபில் பாடம் நடத்தாத ஆளில்லை. ஆப்ஷன் சங்கிலி, ஸ்டாப் லாஸ், வார எக்ஸ்பைரி என்று இருபத்திரண்டு வயதுப் பையன்கள் பேசும் கலைச்சொற்கள் ஹர்ஷத் மேத்தா காலத்துத் தரகர்களுக்கே தெரியாதவை. எந்தத் தேர்வு வைத்தாலும் பாஸாவார்கள். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருடங்களில் பங்கு வாயிதா வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் போனது என்று செபி 2024 செப்டம்பரில் அறிவித்தது. 2023-24-ல் இறங்கியவர்களில் முக்கால்வாசிக்கு மேல் வருட வருமானம் 5 லட்சத்துக்கும் குறைவு என்று கணக்குக் காட்டியவர்கள். எதிர்ப்பக்கத்தில் அந்த ஒரு வருடத்தில் தரகு நிறுவனங்களின் சொந்த வர்த்தகப் பிரிவுகள் சுமார் 33,000 கோடியும் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் சுமார் 28,000 கோடியும் லாபம் பார்த்தன.

செபி இந்த முறை பாடத்தோடு நிற்கவில்லை. ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவை 15 லட்ச ரூபாயாக உயர்த்தியது. வார எக்ஸ்பைரியை ஒரு சந்தைக்கு ஒரு குறியீடு என்று சுருக்கியது. 2024 நவம்பர் 20 முதல் அமல். தரகர்கள் வியாபாரம் குறையும் என்று முணுமுணுத்தார்கள். 2025 ஜூலையில் செபி மீண்டும் கணக்குப் பார்த்தபோது, அதற்கு முந்தைய டிசம்பரிலிருந்து மே வரை இறங்கிய தனிநபர்களின் எண்ணிக்கை ஒரு வருடத்துக்கு முந்தைய அதே மாதங்களைவிட சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. 2024-25 முழு வருடத்தின் நஷ்டம் 1.05 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. இறங்கியவர்களில் நஷ்டப்பட்டவர்கள், 91 சதவீதம்.